இரண்டு வரிசைகள்

பேருந்தின் அடியில் மல்லாந்து படுத்து கியர்பாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவளின் கண்ணில் முதலில் பட்டது அப்பாவின் பூட்ஸ்தான். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் பாலிஷ் போடுவதை அவர் விடவில்லை. எண்ணெய் படிந்த அந்தப் பணிமனைத் தரையில் அத்தனை சுத்தமாக வேறெதுவும் கிடையாது.

"வெளிய வா. நல்ல சேதி."

"அங்கேர்ந்தே சொல்லுங்கப்பா. கை வேலையா இருக்கு."

தரைப்படை ஆளெடுப்பில் இருக்கும் பழைய சிநேகிதரிடம் பேசிவிட்டாராம். கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, வெயில் கிடையாது, மழை கிடையாது. தெருவே அவரை 'மேஜர்' என்று கூப்பிட்டாலும் படையில் அவர் சமையல்காரராகத்தான் இருந்தார். அதை மறைத்ததுமில்லை, மேஜர் என்பவர்களைத் திருத்தியதுமில்லை.

"நான் நேவிக்குப் போறேன்னு சொன்னேன்ல?" என்றாள் பேருந்துக்கு அடியிலிருந்து. பூட்ஸ் திரும்பி நடந்தது.

போர்க்கப்பல் ஒன்றைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டிருந்த நாளில் முடிவானது அது. எல்லோரும் மேல்தளத்தில் பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்கி இயந்திர அறைக்குப் போனாள். பணிமனையின் பேருந்துகளை எல்லாம் ஒன்றாக முடுக்கினாலும் அந்தச் சத்தம் வராது. அது காதில் விழவில்லை, விலா எலும்பில் வந்து மோதியது. அங்கே நின்றிருந்த மாலுமி, "பயமா இருக்கா?" என்று கத்திக் கேட்டார். இது என்ன டீசல் இன்ஜின் என்று இவள் திருப்பிக் கத்தினாள்.

சாப்பாட்டு நேரத்தில் மேஜர் தட்டைத் தள்ளி வைத்தார். "அடுப்பு முன்னாடி நின்னே என் சர்வீஸ் தீந்துபோச்சு. ஒருத்தன் உக்காருன்னு சொன்னதில்ல. உனக்கு நாற்காலி வாங்கித் தரேங்கிறேன், வேணாங்கிற."

"எனக்கு உக்காரப் பிடிக்கலப்பா."

"நம்ம வம்சத்துலயே தண்ணில மிதந்தவங்க யாரும் இல்ல."

"முதல் ஆளா நான் மிதந்துட்டுப் போறேன்."

"அப்போ திரும்பி இந்த வீட்டுப் படி ஏறாத."

அழுதால் அவர் ஜெயித்துவிடுவார் என்று இன்னொரு வாய் சோறு எடுத்துப் போட்டுக்கொண்டாள். "ஏறுவேன். லீவு கிடைக்கிறப்பல்லாம் வருவேன். திறக்கலன்னா தட்டிட்டே நிப்பேன். தெரு கூடிப் பாக்கட்டும்."

பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "இந்த வீட்டுக் கதவ தெனம் சாத்துறதும் திறக்கிறதும் நான். அதப் பத்தி யாரும் கவலப்பட வேணாம்."

மறுநாள் காலை அவள் ஆளெடுப்புக்குக் கிளம்ப, மேஜரும் கிளம்பினார். ஒரே பேருந்தில் ஏறி, மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்துகொண்டார். ஆளெடுப்பு நடந்த மைதானத்தில் மூன்று படைக்கும் தனித்தனியே கயிறு கட்டியிருந்தார்கள். சீருடை எடுப்பாக இருக்கும் என்றோ என்னவோ, விமானப்படைக்குத்தான் கூட்டம். அவள் நேராகப் போய்க் கடற்படை வரிசையில் நின்றாள்.

மேஜர் கொஞ்ச நேரம் வெயிலில் தனியாக நின்றார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய், தரைப்படை வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.

அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்த இளைஞன் சிரித்தான். "பெரியவரே, நீங்களுமா?"

"என் பொண்ணுக்கு இடம் பிடிக்கிறேன்," என்றார், அவளுக்குக் கேட்கும்படி. "மனசு மாறி வருவா."

"வர மாட்டேன்," என்றாள் அவள், அவருக்குக் கேட்கும்படி.

கடற்படை வரிசை நகர்ந்தது. அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், முதுகு வளையாமல், நேராகப் பார்த்தபடி அவரும் ஓர் அடி முன்னால் வைத்தார்.