பூட்டில்லாத வரிசையில் தேசப்பனின் லாரி

செவ்வாய், 9 செப்டம்பர் 2025. இன்று ஒரு சிறு தவறு. சோதனை ஓட்டத்தின்போது ஒரு லாரி வரிசையிலிருந்து காணாமல் போனது. காரணம்: அனேகமாகப் பிரிண்டர்.

நாட்குறிப்பில் எழுதியதைச் செங்கொடி ஒருமுறை படித்துப் பார்த்தாள். டிரைவர் தேசப்பனின் முகம் நினைவுக்கு வந்தது. ‘சிறு’ என்பதை அடித்தாள். ‘அனேகமாக’ என்பதையும் அடிக்கலாமா என்று யோசித்து, அதை மட்டும் விட்டுவைத்தாள். அந்த ஒரு வார்த்தையில்தான் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருந்தது.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், புரோகிராம் எழுதப் பழகும் மாலை வகுப்பு. தொடங்க இன்னும் நேரம் இருந்தது. பகலில் அவளுக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், பொன்ராஜ் அண்ணாச்சியின் யார்டில் வேலை. லாரிகளை எடை போட அங்கே கிழக்கில் ஒரு மேடை, மேற்கில் ஒரு மேடை. ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து, வருகிற லாரியின் நம்பரைக் கம்ப்யூட்டர் வரிசையில் ஏற்றுவாள். இரண்டு மேடைகளும் அந்த வரிசையிலிருந்துதான் அடுத்த லாரியைக் கூப்பிடும். பழைய ஏற்பாட்டில் வரிசைக்கு ஒரு பூட்டு இருந்தது. ஒரு மேடை பூட்டியிருக்கும்வரை மற்றது தொட முடியாது. மேற்கில் எடைச் சீட்டு அடிக்கும் பிரிண்டர் சிக்கினால் கிழக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

பூட்டே இல்லாமல் வரிசை கட்டலாம் என்று வகுப்பில் படித்த அன்றே செங்கொடிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அவர்கள் படித்த புரோகிராம் மொழியும் அப்படிப்பட்டது. மேலே பார்த்தால் கணக்குப் பாடம் போல ஒழுக்கமான ஃபங்ஷனல் மொழி. கீழே மெமரிக்குள் கையை விட்டு ஒவ்வொரு பெட்டியாகத் தொடவும் விடும். முறை என்னவோ சுலபம்தான். ஒவ்வொரு லாரி நம்பரும் ஒரு பெட்டியில் இருக்கும். முதலில் நிற்கும் பெட்டி எது என்று பார்த்துக்கொள். உன் வேலையைச் செய். திரும்பி வந்து பார்க்கும்போது அதே பெட்டி முதலில் இருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் மறுபடி ஆரம்பி. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

இதை அவள் அண்ணாச்சியிடம் விளக்கினாள். அவருக்குப் புரிந்தது பாதி.

“ஓடிச்சுன்னா ஜன்னல விட்டு எந்திரிச்சு உள்ள வந்துரு. கம்ப்யூட்டர் வேல பூரா நீயே பாரு. ஓடலன்னா வெளிய ஆள விட்டு எழுதி வாங்கிருதேன்,” என்றார்.

உள்ளே என்றால் ஏசி அறை, சக்கரம் வைத்த நாற்காலி. புரோகிராம் எழுதி முடிப்பதற்கு முன்பே செங்கொடி அந்த நாற்காலியில் மனதளவில் பலமுறை சுற்றிவிட்டாள்.

இன்று மதியம் சோதனை. மேற்கு மேடையில் காகிதம் சிக்கியது. கிழக்கு தன் பாட்டுக்கு வேலை செய்தது. செங்கொடி பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் மேற்கு சரியாகி ஒரு லாரியைக் கூப்பிட்டது. கிழக்கில் எப்போதோ எடை போட்டு, மணலி தாண்டிப் போய்விட்ட லாரி அது. முறைப்படி வரவேண்டிய தேசப்பனின் லாரி திரையில் எங்குமே இல்லை. அவர் இறங்கி ஜன்னலுக்கு வந்தார்.

“இன்னாமே, என் வண்டி எங்க?”

“தோ, முன்னாடிதானே நிக்குது அண்ணே.”

“எனுக்குத் தெர்யுது. உன் பொட்டிக்குத் தெர்லியே. லோடு கம்பியோட பட்டப்பகல்ல மாயமாக்கிட்ட. சர்க்கஸ்ல சேர்ந்துக்கோ, நல்லா வருவ.”

பின்னாலிருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்தார். செங்கொடியின் வாய் அவளைக் கேட்காமலே பேசியது: “பிரிண்டர்ல பேப்பர் சிக்கிடுச்சு அண்ணாச்சி.”

பொய் இல்லை. காகிதம் சிக்கியது நிஜம். ஆனால் மேற்கு மேடையில் காகிதம் மாட்டுவது பூவம்மா. அண்ணாச்சி அவள் பக்கம் திரும்பினார்.

“ஒரு பேப்பர் மாட்டத் தெரியாதாம்மா? நாளையிலிருந்து வெளிய போய்க் கம்பிக் கட்டு எண்ணு. இங்க வேற ஆளப் போடுதேன்.”

வெளியே என்றால் நாள் முழுக்க வெயில், காலடியில் பழுக்கக் காய்ந்த இரும்பு. பூவம்மா செங்கொடியை ஒருமுறை பார்த்தாள். செங்கொடி, திரையில் ஏதோ முக்கியமானது ஓடுவதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒன்றும் ஓடவில்லை.

இதையெல்லாம் மாலை வகுப்புக்கு வந்த தோழன் ரெஜியிடம் சொன்னபோது பூவம்மாவை விட்டுவிட்டுத்தான் சொன்னாள். ரெஜிக்கு ராயபுரத்தில் அப்பாவின் பாத்திரக் கடை. வாடிக்கையாளர் சொல்லும் காரணங்களைக் கேட்டே வளர்ந்தவன்.

“ப்ராசஸர்ல ஏதோ கோளாறு கீது ரெஜி,” என்றாள்.

“ஊரே யூஸ் பண்ற ப்ராசஸர், உன் தேசப்பன மட்டும் முழுங்கிடுச்சா?”

“அப்போ கம்பைலர்.”

“நெக்ஸ்ட்டு கரண்ட் ஆபீஸா? வா, ஆடிப் பாப்போம்.”

பெஞ்சில் இருந்த டிபன் டப்பாக்களில் இரண்டை வரிசையாக வைத்தான். முன்னால் செங்கொடியின் நசுங்கிய டப்பா, பின்னால் அவனுடைய வட்ட டப்பா. உள்ளே ஒவ்வொன்றிலும் லாரி நம்பர் எழுதிய சீட்டு.

“நான் மேற்கு. மொதல்ல நசுங்குன டப்பா, முப்பத்தாறாம் நம்பர் வண்டி. பாத்துக்கிட்டேன். இப்போ பேப்பர் சிக்குது.” கண்ணை மூடிக்கொண்டான்.

செங்கொடி கிழக்கு. நசுங்கிய டப்பாவின் சீட்டை எடுத்தாள். அந்த லாரி போயாயிற்று. வட்ட டப்பாவின் சீட்டையும் எடுத்தாள். அதுவும் போயாயிற்று. இப்போது தேசப்பன் வருகிறார். அவர் சீட்டை வைக்க ஒரு டப்பா வேண்டும். அவள் கை தானாகக் காலி நசுங்கிய டப்பாவிடம் போனது. சீட்டைப் போட்டு மூடி, முன்னால் வைத்தாள்.

“கண்ணத் தெற.”

ரெஜி பார்த்தான். “அதே நசுங்குன டப்பா அங்கயே கீது. ஒண்ணும் மாறல.” டப்பாவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, “முப்பத்தாறு, வா,” என்று கூப்பிட்டான்.

செங்கொடி டப்பாவைத் திறந்தாள். உள்ளே தேசப்பன்.

டப்பா அதேதான். உள்ளே இருப்பது வேறு. நடுவில் ஒரு சுற்று முழுக்க நடந்து முடிந்தது டப்பாவின் முகத்தில் தெரியவில்லை.

“காலி டப்பாவ ஏன் திரும்பி எடுத்த? கம்பைலரே ஒத்துக்காதே.”

ஒத்துக்கொள்ளவில்லைதான். ஒருமுறை பயன்படுத்திய பெட்டியை மறுபடி தொடாதே என்று, எழுதியதைச் சரிபார்க்கும் அந்தக் கம்பைலர் சிவப்பில் கத்தியது. ‘என் பொறுப்பு’ என்கிற அர்த்தத்தில் ஒரு சொல்லை எழுதினால் அது வாயை மூடிக்கொள்ளும். செங்கொடி எழுதினாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் பெயின்ட் வாளி குளிக்கும் வாளியாகும், நெய் டின்னில் பருப்பு இருக்கும். காலியான ஒன்றைத் தூக்கிப் போடு என்று ஒரு மெஷின் சொன்னால் அவளால் தாங்க முடியவில்லை. ரேஷனில் வாங்கியதுபோல் மெமரியைச் சிக்கனம் பிடித்திருந்தாள்.

“எங்க வூட்ல எவனும் டப்பாவத் தூக்கிப் போட மாட்டான்,” என்றாள்.

“டப்பா மேல சுத்து நம்பர் ஒட்டு. திரும்ப எடுக்கறப்பல்லாம் ஒண்ணு ஏத்து. டப்பாவும் நம்பரும் ரெண்டும் அதேவா இருந்தாத்தான் தொடணும்.” ரெஜி தன் டப்பாவை மூடினான். “அதுக்கு இன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுகினு கீற? பிரிண்டர்னு சொல்லியாச்சு. கமுக்கமா மாத்து. நாளைக்கு ஓடும். நாற்காலி உனக்கு.”

“பூவம்மாக்கா வெயில்ல கட்டு எண்ணணும்.”

“அது யாரு?”

அப்போதுதான் அந்தப் பாகத்தைச் சொன்னாள். ரெஜி காதைச் சொறிந்தான்.

“சொன்னா அண்ணாச்சி வெளிய ஆளக் கூப்பிடுவாரா?”

“கூப்பிடுவார்.”

“அப்போ நீ ஜன்னல்தான்.”

“தெரியும்.”

ரெஜி நசுங்கிய டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினான்.

வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது சென்ட்ரல் ரயிலில் இடம் கிடைத்தது. அண்ணாச்சியிடம் எப்படிச் சொல்வது என்று நாட்குறிப்பில் எழுதிப் பார்த்தாள். ‘நினைவகப் பெட்டிகளின் மறுபயன்பாட்டால் ஏற்பட்ட ஒப்பீட்டுப் பிழை’ என்று அருமையாக ஒரு வரி வந்தது. அண்ணாச்சிக்கு ஒரு சொல்லும் புரியாது, கோபப்படவும் மாட்டார், பூவம்மாவும் வெளியேதான் நிற்பாள். தன் திறமையைத் தானே மெச்சிக்கொண்டு அதை அடித்தாள். பிறகு, ‘பிழை என்னுடையது, ஆனாலும் காகிதமும்’ என்று ஒன்று. அதையும் அடித்தாள். தண்டையார்பேட்டை தாண்டியதும் எழுதியது அடிபடாமல் நின்றது:

நாளை: யார்டு திறந்ததும், பூவம்மாக்கா வெளியே போவதற்கு முன், அவரும் இருக்கும்போதே, தப்பு பிரிண்டருடையதோ அவருடையதோ இல்லை, நான் எழுதியதில் என்று அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் கம்ப்யூட்டரைத் தொட விட்டால், ஒவ்வொரு பெட்டிக்கும் சுற்று எண் சேர்க்க வேண்டும்.