சண்டிகரை மிஞ்சிய ரோஜா

எங்கள் ஊர்ச் சந்திரசூடேஸ்வரர் மலைமேல் ஏறி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

பக்கத்து வீட்டு கௌஸ் பாஷா, சண்டிகரில் வேலை பார்க்கும் மகள் மெஹ்னாஸைப் பார்க்கப் போய், பத்து நாள் தங்கிவிட்டு வந்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊரையே கோடு போட்டுக் கட்டிக்கிறாங்க அண்ணி. எங்க திரும்பினாலும் பார்க்கு. ரோஜாவுக்குன்னே தனியா ஒரு தோட்டம்" என்று காம்பவுண்டுச் சுவருக்கு மேல் போனை நீட்டிப் படம் காட்டுவார். என் மனைவி ரங்கம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து பார்ப்பாள். பால் பொங்கும். எனக்கும் பொங்கும்.

"நீங்களும் நாப்பது வருசமா கூட்டிட்டுப் போனீங்களே, கிருஷ்ணகிரி டேமுக்கு" என்றாள் என்னிடம். "பாயைப் பாத்தாவது கத்துக்கோங்க."

நம்ம ஊர்தான் மேல் என்று அவள் வாயால் ஒரு தடவை வரவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மறுநாளே எங்கள் லேஅவுட் பூங்காவில் இறங்கி முப்பது ரோஜாச் செடி நட்டேன். என் வயிற்றெரிச்சலில் குடத்துத் தண்ணீரே சுட்டது. அந்தச் சூட்டுக்குச் செடிகள் மூன்றே நாளில் பனை உயரம் வளர்ந்தன. நான்காம் நாள் கம்பெனி பஸ் டிரைவர்கள் தூரத்தில் அந்தப் பச்சையைப் பார்த்து, சிக்னல் விழுந்துவிட்டது என்று எங்கும் நிற்காமல் ஓட்டினார்கள். முதல் ஷிப்ட் ஆட்கள் மொத்தப் பேரும் மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் போய் இறங்கினார்கள்.

கம்பெனி சூப்பர்வைசர் தமிழரசன் ஓடி வந்தான். "பெரியப்பா, கொஞ்சம் வெட்டி விடுங்க. ஆளில்லாம லைன் நிக்குது."

"சண்டிகர்ல வெட்டுவாங்களாப்பா?" என்றேன்.

பிறகு பாஷா வந்தார். அண்ணாந்து பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

"அங்க இவ்ளோ இல்லண்ணா" என்றார் மெதுவாக. பாவமாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

தாழ வளைந்திருந்த ஒரு பூவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு, "நம்ம ஊருதாங்க மேலு" என்றாள் ரங்கம்மா.

எங்கள் லேஅவுட்டில் பூங்கா கிடையாது. அதற்கென்று விட்ட இடத்தில் லாரிகள் நிற்கின்றன.