ஆணி எடுத்த ஓய்வு

ஜெயசித்ரா செய்த ஆராய்ச்சியின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர் அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரியில் ஒருத்தரும் இல்லை. நிலைத்த வளர்ச்சி, உடல்நலம், எதிர்கால வேலை என்று மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, கடல் தாண்டிய ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். பெயர்தான் பெரிசு. இராஜபாளையத்தில் வைகுண்டராஜின் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கும் பன்னிரண்டு பெண்களின் கையில் வாட்ச் மாதிரி ஆளுக்கொரு பட்டையைக் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. நாடித்துடிப்பு, நடை, ஓய்வு எல்லாவற்றையும் இரண்டு மாதத்துக்கு அதுவே குறித்துக்கொள்ளும்.

பெண்கள் சும்மா கையை நீட்டவில்லை. மடிப்பு அறையில் மூத்தவளான பொன்மணி ஒரு நிபந்தனை போட்டாள். நாள் முழுக்க நின்றுகொண்டே மடிக்கிறார்கள், சாயங்காலம் முட்டி பிடித்துக்கொள்கிறது. மதியத்துக்கு மேல் அரை மணி நேரம் உட்கார விட வேண்டும், அதை ஆராய்ச்சியில் எழுதி வாங்கித் தர வேண்டும். ஜெயசித்ரா வாக்குக் கொடுத்தாள். வைகுண்டராஜும் பெருந்தன்மையாக, அறிக்கை என்ன சொல்கிறதோ அதன்படி நடப்பதாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கணினியைத் திறந்த ஜெயசித்ரா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். விடியற்காலை நாலரைக்கு ஏறுகிற கோடு எட்டு மணி வரை மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. எட்டரைக்குக் கம்பெனிக்குள் நுழைந்ததும் தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் திரும்ப ஏறுகிறது. நடுவில் துடிப்பே இல்லாத அந்த எட்டு மணி நேரத்தை மென்பொருள் 'பூரண ஓய்வு' என்று நிரப்பியிருந்தது. செத்ததும் ஓய்ந்ததும் அதற்கு ஒன்றுதான்போல.

அயல்நாட்டுப் பேராசிரியர் துள்ளிக் குதித்தார். உலகத்திலேயே களைப்பில்லாத தொழிற்சாலை இதுதான், ஆராய்ச்சியை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கலாம் என்று எழுதிவிட்டார். சேதி வைகுண்டராஜ் காதுக்கும் போனது. நாள் பூரா ஓய்வெடுக்கிறவர்களுக்குத் தனியாக அரை மணி நேரம் எதற்கு என்று கேட்டார். ஜெயசித்ராவின் தற்காலிக வேலையோ ஆராய்ச்சி நீண்டால்தான் நீளும். அறிக்கையை முடிவு செய்கிற கூட்டத்துக்கு இன்னும் ஒரே நாள். பஸ் ஏறி இராஜபாளையம் போனாள்.

மடிப்பு அறை வாசலிலேயே விடை தொங்கியது. வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் கண்ணாடி வளையல், அதற்கு மேலே ஒரு பட்டை. காயத்தில் வைக்கிற துணியைத் தொடும் கையில் முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பெண்கள் அதை ஒருநாளும் மீறியதில்லை. அதற்காக இப்படியா என்று ஜெயசித்ரா படபடத்தாள். பொன்மணி நிதானமாகச் சொன்னாள்.

"மொத நாளு நீங்க உள்ள வந்தப்ப ஒங்க வாட்சைக் கழத்தி எங்க மாட்டுனீக டீச்சர்? இதே ஆணியிலதான."

ஜெயசித்ராவின் முகம் சுண்டிப்போனது. இரண்டு மாதமாக அவள் ஆராய்ந்தது பன்னிரண்டு ஆணிகளின் உடல்நலத்தை. திரும்புகிற பஸ்ஸில், வாயை மூடிக்கொண்டால் வேலை தங்கும் என்று மனசு ஆசை காட்டியது. பொன்மணி முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்ததும் தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. ஒரு பட்டையின் கணக்காவது உருப்படியாக இருக்காதா என்று போனில் தேடினாள். இருந்தது. இலவசமாக வருகிறதே என்று வைகுண்டராஜ் தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக் கட்டியிருந்தார். அவர் மடிப்பு அறைப் பக்கமே போகாதவர், ஆகையால் அது கழன்றதே இல்லை. தினமும் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை ஆழ்ந்த தூக்கம். ஒருநாள் தவறவில்லை.

மறுநாள் வைகுண்டராஜின் அறையில் கூட்டம். திரையில் பேராசிரியர், நாற்காலிகளில் முதலாளியும் கம்பெனியில் பங்குதாரரான அவர் மனைவி கிருபாபாயும். பொன்மணி சுவரோரம் நின்றாள். ஜெயசித்ரா ஆணிக் கதையை ஒளிக்காமல் சொன்னாள். பேராசிரியரின் சிரிப்பு பாதியில் நின்றது. பகல் நேரக் கணக்கில் ஒன்றுகூடத் தேறாதா என்று கேட்டார். ஒன்றே ஒன்று தேறும் என்றாள். பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, ஒங்களுது மட்டும் சரியா இருக்கு. ஒன்றரையில இருந்து மூன்றரை வரைக்கும் நிமிஷம் நிமிஷமா இருக்கு. சம்மதம் இல்லாம காட்டக் கூடாதுன்னு விதி. காட்டட்டுமா?"

கிருபாபாய்க்குப் பூரிப்பு தாங்கவில்லை. "காட்டுங்க டீச்சர். அது அவிய எக்ஸ்போர்ட் பார்ட்டிகூடப் பேசுத நேரம்லா. என்னையவே போன் பண்ணக் கூடாதுன்னு சொல்லிருக்காவ. எம்புட்டு உழைக்காவன்னு எல்லாரும் பாக்கட்டும்."

வைகுண்டராஜ் பட்டை மறையும்படி மெதுவாகச் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டார். அதெல்லாம் எதற்கு, தற்பெருமை தனக்குப் பிடிக்காது என்றார். தொண்டையைச் செருமினார். பொம்பளைகள் மூன்று மணிக்கு அரை மணி நேரம் உட்காரட்டுமே, அதற்கு அறிக்கையா வேண்டும் என்றார்.

"எழுதிக் குடுத்துருங்க மொதலாளி," என்றாள் பொன்மணி.

எழுதினார். கம்பெனி முத்திரையும் விழுந்தது. கையில்தானே ஆகாது, காலில் கட்டிக்கொள்கிறோமே என்று பொன்மணி சொன்னதை ஜெயசித்ரா ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல, பேராசிரியர் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சம்மதித்தார். ஜெயசித்ராவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

எல்லாரும் எழுந்தபோது கிருபாபாய் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். கணவரின் சட்டைக் கையையே செத்த நேரம் பார்த்தாள்.

"நாளைக்கு ஒன்றரைக்கு நானும் வாரேன்," என்றாள். "அந்தப் பார்ட்டிகிட்ட நானும் ஒரு வார்த்தை பேசணும்."