எழுபதாவது நிமிடத்துச் சீட்டு

மைதானத்து ஒலிபெருக்கி எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். கடைக்காரன் சொல்லும் விலையை அப்படியே நம்புகிறவன் எவனாவது உண்டா? அதே மாதிரிதான். "இன்று ஆட்டம் பார்க்க வந்திருப்பவர்கள் நாலாயிரத்து அறுநூறு பேர்" என்று மைக் அண்ணன் குரலை உயர்த்தினால், ரெண்டாயிரத்து முந்நூறு என்று ஊர் எடுத்துக்கொள்ளும். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் ஏமாறவும் இல்லை.

இதைத் தொடங்கிவைத்தவர் பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஊர்க் கால்பந்து கிளப்பின் தலைவராக இருந்த ஒரு மரக்கடைக்காரர். டிக்கெட் அறைக்காரர் அப்போது வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கேட்டில் கிழித்த பாதிச் சீட்டுகளை எண்ணி, நூறு நூறாக ரப்பர் பேண்ட் போட்டு, எழுபதாவது நிமிடத்தில் மொத்தத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மைக் அறைக்கு அனுப்புவது அவர் வேலை. அன்று மழை. தொள்ளாயிரம் என்று எழுதியிருந்தார். மரக்கடைக்காரர் சீட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, எழுபது நிமிடம் சேற்றில் உருண்டவன் காதில் இதையா போடுவது, இரட்டிப்பாக எழுது, வராதவனும் நம் ஆள்தானே என்றார்.

அன்றிலிருந்து இரட்டிப்புதான். பெட்டிக்குப் போன பணமும் கட்டிய வரியும் மட்டும் நிஜ எண்ணுக்கு. அதில் ஒரு சல்லிக்காசு பிசகியதில்லை. ஆட்டம் நடக்கும்போதெல்லாம் சீட்டு எண்ணிக்கொண்டிருந்ததால், இத்தனை வருடத்தில் ஒரு முழு ஆட்டத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே வரும் சத்தத்தை வைத்து கோலா, கோல் தவறியதா என்று சொல்லிவிடுவார். அவருக்கு அது போதுமாயிருந்தது.

மரக்கடைக்காரர் கடனில் விழுந்தார், பிறகு இறந்தும் போனார். கிளப் கைமாறியது. மூன்று வருடத்துக்கு முன் கடல் தாண்டி ஒருவர் வாங்கினார். அவர் இந்த ஊர் மண்ணை ஒரு தடவைகூட மிதித்ததில்லை. மாதம் ஒருமுறை அலுவலகச் சுவரில் இருந்த திரையில் வந்து பேசுவார். அதனால் வீடியோ முதலாளி என்று பெயர் விழுந்தது. மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இவர் பத்திரிகையில் வந்த கூட்டத்தின் எண்ணைப் பார்த்து கிளப்பையே வாங்கிவிட்டார். பத்திரிகைக்காரன் மைக் அண்ணன் சொன்னதை அப்படியே போடுவான், ஊர் கழித்துப் படிக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கழிக்கச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாகி, மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. வீடியோ முதலாளி கிளப்பை விற்கப்போகிறார் என்றும், வாங்கப்போகிறவரும் வெளிநாட்டுக்காரர்தான், சனிக்கிழமை ஆட்டத்துக்கு நேரில் வருகிறார் என்றும் பேச்சு வந்தது. அதற்கு முந்தின திங்கட்கிழமை முதலாளியிடமிருந்து ஒரு தணிக்கைப் பெண் வந்து இறங்கினாள். கெட்டிக்காரி, நம் பாஷையும் பேசினாள். செவ்வாய்க்கிழமை டிக்கெட் அறைக்காரரைக் கூப்பிட்டு, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பிவைத்தாள். ஒரு பக்கம் மைக்கில் சொன்ன எண்கள், இன்னொரு பக்கம் பெட்டிக்கு வந்த பணம்.

"ஒவ்வொரு மேட்சுக்கும் சரியா பாதிப் பேரோட பணம்தான் வந்திருக்கு சார். மீதிப் பாதி எங்கே?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது. அவள் முகம் மாறாததைப் பார்த்த பிறகுதான், தன்னைத் திருடன் என்று சொல்கிறாள் என்பது உறைத்தது. மழை நாள், மரக்கடைக்காரர், இரட்டிப்பு என்று எல்லாவற்றையும் சொன்னார். அப்படி ஓர் உத்தரவு எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். சொன்னவரே இல்லை, எழுத்துக்கு எங்கே போவது? ஊரைக் கேளுங்கள் என்றார். அவள் நிஜமாகவே போய்க் கேட்டாள். முடிதிருத்துகிறவர், மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டாள்.

"நான் உங்களை நம்புறேன் சார். ஆனா முதலாளி நம்ப விரும்பல" என்றாள்.

பிறகு விஷயத்தை விளக்கினாள். வாரத்துக்கு ஐயாயிரம் பேர் வருகிற கிளப் என்றுதான் முதலாளி விலை பேசியிருக்கிறார். பணம் பாதிதானே வந்திருக்கிறது என்று வாங்குகிறவர் கேட்டதற்கு, டிக்கெட் அறையில் ஒரு திருடன் இருந்தான், அவனை அனுப்பிவிட்டோம், இனி முழுப்பணமும் வரும் என்று பதில் தயாராக இருக்கிறது. ஒரு தாளை நீட்டினாள். டிக்கெட் பணத்தில் நடந்த முறைகேட்டுக்குத் தானே பொறுப்பு என்று ராஜினாமா. போலீஸ் வராது, கேஸ் கிடையாது, நல்ல விலை கிடைத்தால் கிளப்பில் வேலை செய்யும் அறுபத்து நாலு பேருக்கும் மூன்று மாதச் சம்பளம் உடனே வந்துவிடும்.

"நிஜ எண்ணைச் சொல்லிட்டா?" என்று கேட்டார்.

அவள் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "விலை இறங்கும். ஆனா வாங்குவாரு. ரெண்டாயிரத்துக்கு மேல இருந்தா எனக்குப் போதும்னு அவரே சொன்னாரு. சம்பளம் கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான். இதை நான் சொன்னதா வெளிய போகக் கூடாது சார்."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தார். நடைவழியில் ஜெர்சி துவைக்கும் அக்கா ஈரக்கையோடு நிறுத்தி, சம்பளம் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். வரும் அக்கா என்றார். மூன்று மாதமாக அவர் சொல்லிவரும் பதில் அது. சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

வீட்டில் மனைவியிடம் தாளைக் காட்டினார். அவள் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ரெண்டு தடவை படித்தாள். கையெழுத்துப் போட்டால் எல்லோருக்கும் சம்பளம் வந்துவிடும் என்று அவர் சொல்லிப்பார்த்தார். சொல்லும்போது தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை.

"சம்பளம் இல்லாம மூணு மாசம் ஓட்டிட்டேன். இன்னும் மூணு மாசம்கூட ஓட்டுவேன். திருடன் பொண்டாட்டின்னு ஒரு நாள்கூட என்னால ஓட்ட முடியாதுங்க. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?"

அவர் தலையாட்டினார். அதற்குள் வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. மனைவியின் தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறவன்; ராத்திரிச் சாப்பாடு பாதி நாள் அக்கா வீட்டில்தான். நல்ல பையன், ஆனால் அவனிடம் ஒன்றைச் சொல்வதும் ஊருக்குத் தண்டோரா போடுவதும் ஒன்று. அக்காள் தாளைத் துணிக்கு அடியில் தள்ளினாள். அவனோ தன் பெருமையில் இருந்தான். சனிக்கிழமை அந்த வெளிநாட்டுக்காரரை விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுவிடுவது அவன் காராம். பார்த்து ஓட்டு என்று மட்டும் அத்தான் சொன்னார்.

சனிக்கிழமை வெயில் நன்றாக இருந்தது, கூட்டமும் மோசமில்லை. கண்ணாடி அறையில் தணிக்கைப் பெண்ணுக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். டிக்கெட் அறைக்காரர் பாதிச் சீட்டுகளை மூன்று தடவை எண்ணினார். ரெண்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. பேனா தன் பழக்கத்தில் இரட்டிக்கப் போனது. நிறுத்தி, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். ஒரு நிமிடத்தில் மேசை ஃபோன் அடித்தது.

"தம்பி, ரெட்டிக்க மறந்துட்டியா?" என்றார் மைக் அண்ணன்.

"மறக்கல அண்ணே. அப்படியே படிங்க."

"பத்தொம்பது வருஷமா இல்லாத அசிங்கமா இருக்குமேடா."

"இருக்கட்டும் அண்ணே. படிங்க."

மைக் அண்ணன் படித்தார். என்ன செய்வது, அந்த எண்ணுக்குக்கூடக் குரலை உயர்த்தித்தான் படித்தார், அவருக்கு வேறு மாதிரி வராது. மைதானத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஜனங்கள் திரும்பிக் காலி வரிசைகளைப் பார்த்தார்கள். டிக்கெட் அறைக்காரர் அறையைப் பூட்டிவிட்டுப் படியேறிப் போய் ஒரு காலி இருக்கையில் உட்கார்ந்தார். கடைசிப் பதினைந்து நிமிட ஆட்டத்தை முழுதாகப் பார்த்தார். ரெண்டு பக்கமும் கோல் இல்லை, பந்து பாதி நேரம் வெளியேதான் கிடந்தது. அப்படியும் சந்தோஷமாக இருந்தது. நெஞ்சின் மேலிருந்து யாரோ எழுந்துபோன மாதிரி இருந்தது. ஆட்டம் முடிந்ததும் கையெழுத்தில்லாத தாளைத் தணிக்கைப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, நல்லது சார் என்றாள்.

விளக்குப் போடும் நேரத்துக்கு மச்சினன் வந்துவிட்டான். அக்காள் தட்டு வைத்தாள். ரெண்டு வாய் சாப்பிட்டதுமே ஆரம்பித்தான்.

"அந்த ஆளு உங்க கிளப்பை வாங்கமாட்டான் அத்தான். எழுதி வச்சுக்கோங்க."

டிக்கெட் அறைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று அக்காள் கேட்டாள்.

"கார்ல ஏறினதும், மைக்ல சொன்ன எண்ணை நம்பலாமான்னு என்னைக் கேட்டான். பாவம், வெளியூர்க்காரன், தெரியாம மாட்டிக்கக் கூடாதேன்னு உள்ளதைச் சொல்லிட்டேன். எங்க ஊர்ல பாதியைக் கழிச்சுக்கணும் சார்னு. ஆயிரத்து நூத்திச் சொச்சம்னு ஃபோன்ல தட்டிக் காமிச்சேன். அப்புறம் யாருக்கோ ஃபோன் பண்ணிக் கத்தினான். எண்ணும் பொய், பெட்டிக்கு வந்ததாக் காட்டின பணமும் பொய்யின்னு. இறங்கும்போது நூறு ரூபா சேர்த்துக் குடுத்துட்டுப் போனான். ஆனா இவ்வளவு கம்மியா இதுவரைக்கும் சொன்னதே இல்லையே அத்தான், இன்னைக்கு என்ன ஆச்சு?"

 அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. இவனை எப்படித் திட்டுவது? பத்தொன்பது வருடம் வாரம் தவறாமல் ஊருக்கே கழிக்கக் கற்றுக்கொடுத்தது அவர் பேனாதான். ஜெர்சி துவைக்கும் அக்காவின் ஈரக்கை ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஃபோன் அடித்தது. மனைவி எடுத்துப் பேசிவிட்டு, ஒரு கையால் அதை மூடிக்கொண்டு திரும்பினாள்.

"அந்த மேடம். நீங்க ஒரு காசும் எடுக்கலன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டாங்களாம். அந்த வெளிநாட்டுக்காரரைப் பத்தி இன்னொரு விஷயமும் சொல்லணுமாம்." பிறகு தாழ்ந்த குரலில், "நிஜமா இன்னைக்கு எத்தனை பேர்தாங்க வந்தாங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு."

மச்சினன் சாப்பிட்டுக்கொண்டே, பழக்கத்தில், இடது கை விரலால் மேசைமேல் கணக்குப் போட ஆரம்பித்தான்.

"கழிக்காதே தம்பி. இன்னைக்கு அது முழுசு" என்றார். சோற்றில் அவன் கை அப்படியே நின்றது. அவர் எழுந்து போய் மனைவியிடமிருந்து ஃபோனை வாங்கிக் காதில் வைத்தார்.