சொல்யூஷன் காயும் நேரம்

வேனுக்குத் தொப்பை விழுமா? நம்பியின் வேனுக்கு விழுந்திருந்தது. கட்டில், அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் வைத்து வீடு மாதிரி கட்டிய வேன். போன மழையில் தண்ணீர் இறங்கி, கூரையில் ஒட்டியிருந்த வினைல் சீட்டு கட்டிலுக்கு மேலே தொங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு ராஜபாளையத்தில் பீர் மைதீனின் குஷன் கடைக்கு வந்துவிட்டார் மனிதர்.

ஒழுகிய இடத்தை அடைத்து, பழைய சீட்டைக் கிழித்து, பலகையைக் காயவைக்கவே இரண்டு நாள் ஆனது. புதுச் சீட்டை மைதீனின் மனைவி சௌதா அளந்து வெட்டித் தைத்தாள். ஒட்டுவது மைதீன் வேலை. பலகையிலும் சீட்டிலும் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, பதமாகக் காயவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். அதுவரை கதவு, ஜன்னல் எதுவும் திறக்கக் கூடாது. பக்கத்தில் பஞ்சு மில். ஆனிக் காற்றில் பறந்து வரும் பஞ்சு பசையில் விழுந்தால் சீட்டில் பரு மாதிரித் துருத்தி நிற்கும். வெளியூர்க்காரர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்கிற வேலையை இந்தத் தெருவில் மூடி வைத்துத்தான் செய்வார்கள். மைதீனும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்.

வெளியே உட்கார்ந்திருந்த நம்பிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. வேனின் பெருமையை ஆரம்பித்தார். பேட்டரியைக் கழற்றிய பிறகும் பிரிட்ஜ் ஓடுகிறதாம், உள்ளே இரண்டு கிலோ பால்கோவா கெடாமல் இருக்கிறதாம். கரண்ட் இல்லாமல் எப்படி ஓடும் என்று சௌதா கேட்டாள்.

“கேஸ்லம்மா. அடியில சின்னதா நெருப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.”

சௌதா துள்ளி எழுந்தாள். பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும் சொல்யூஷன் ஆவி தரையில் இறங்கித்தான் படரும். பக்கத்துக் கடையில் யாரோ போட்ட பீடித்துண்டு, நாலடி தள்ளியிருந்த டின்னைப் பற்றவைத்ததை அவள் கண்ணால் பார்த்தவள்.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே நெருப்பு எரிகிறது, திறங்கள் என்று கத்தினாள். மில் இரைச்சலில் மைதீனுக்குத் தட்டியது மட்டும்தான் கேட்டது. செத்த நேரம் பொறு, கை ரெண்டும் மேலே இருக்கிறது என்று குரல் வந்தது. சிலிண்டரை மூடலாமென்றால், அது இருக்கும் வெளிப்பக்கப் பெட்டியின் சாவி உள்ளே கதவோரம் தொங்குகிறது என்று நம்பி கையைப் பிசைந்தார்.

இரும்பு பட்டால் பொறி பறக்கும். மரச் சுத்தியலை எடுத்தாள். கண்ணாடி, கண்ணாடி என்று பதறிய நம்பியைத் தள்ளிவிட்டுக் கதவின் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். கையை விட்டுத் தாழை நீக்கினாள். நெடி முகத்தில் அறைந்தது. சாவியைப் பிடுங்கி நம்பியிடம் எறிந்துவிட்டு, புருஷனைச் சட்டையோடு பிடித்து வெளியே இழுத்தாள். ஏற்றிய சீட்டு பாதியில் பிய்ந்து தரையில் விழுந்தது. நம்பி சிலிண்டரைத் திருகிய பிறகுதான் பிரிட்ஜுக்கு அடியில் தெரிந்த நீலப் பொட்டு அணைந்தது.

மைதீன் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. சௌதா விஷயத்தைச் சொன்னாள். சீட்டு பாழாய்ப் போனதற்குக் கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை.

“முந்தியே தல கிறுகிறுன்னு வந்துச்சு. தொறந்துருவோம்னு தாழ்ல கை வச்சேன்.”

“பொறவு ஏங்க தொறக்கல?”

“போன மாசம் ஒருக்கா தொறந்து சீட்டெல்லாம் பஞ்சு ஒட்டுனதுக்கு இன்னும் ஏசுதியே. அதுக்குப் பயந்துதாம்ட்டி.”

சௌதா பிசுபிசுத்த அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவென்றும் பாராமல் அழுதாள்.