வானோடம் திரும்பி வந்தபோது

பழமலைநாதன் சினிமாவுக்காக லீவு போட்டது அந்த ஒருமுறைதான். விருத்தாசலத்தில் பியூஸ் கட்டை செய்யும் செராமிக் கம்பெனி ஒன்றில் முப்பது வருடமாகச் சூளைக்குச் சரக்கு அடுக்குகிறவர். 'வானோடம்' படம் வெளியான வெள்ளிக்கிழமை மேட்னிக்கு மனைவி அம்சவல்லியையும் கூப்பிட்டார்.

"நான் எதுக்குங்க? எனக்கு அந்தக் கதயே தெரியாது."

"பாப்பாவுக்காவ வா."

அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

பாப்பா என்றால் அவர்களுடைய ஒரே மகள் பூங்கோதை. 2004இல் இறந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. அந்த வருடம் 'வானோடம்' டிவியில் ஞாயிற்றுக்கிழமை காலைத் தொடராக வந்துகொண்டிருந்தது. பூமிக்குத் திரும்ப வழி தெரியாமல் அலையும் ஒரு விண்கலம், அதில் ஆறு பேர். சுவரெல்லாம் அட்டைக்கு வெள்ளித்தாள் ஒட்டியது என்று பார்த்தாலே தெரியும். ஆனாலும் அப்பாவும் மகளும் ஒரு வாரமும் விட்டதில்லை. அவளுக்குப் பிடித்தவன் மெக்கானிக் கிள்ளி. ஒரு வாரம் அவன் கலத்துக்கு வெளியே தொங்கிப் பழுது பார்க்கும்போது கயிறு அறுந்து, இருட்டுக்குள் மிதந்து போனான். 'தொடரும்' என்று போட்டார்கள். அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் சமையல் நிகழ்ச்சி வந்தது. தொடரையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த மாதமே பூங்கோதைக்கு மூளைக்காய்ச்சல். கடலூரில் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் அம்சவல்லி அவரை வராந்தாவுக்கு இழுத்துவந்து, "கிள்ளி என்னா ஆனான்னு பாப்பா கேக்குதுங்க. டிவிக்காரங்களுக்கு போன் போட்டுக் கேட்டுகினு வாங்க" என்றாள். அவர் எஸ்டிடி பூத்துக்கு ஓடினார். எப்படியோ நம்பரைப் பிடித்து, ஒருவர் மாற்றி ஒருவரிடம் பேசி, "எங்களுக்கே தெரியாதுங்க" என்ற பதிலோடு திரும்பியபோது கட்டிலில் முகத்தை மூடியிருந்தார்கள்.

மகள் கடைசியாகக் கேட்ட கேள்வி அவரிடமே தங்கிவிட்டது. போன வருடம், அதே கதை விட்ட இடத்திலிருந்து படமாக வருகிறது என்று அறிவிப்பு வந்ததும் செல்போனில் அந்த அறிவிப்புத் துண்டு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். டீ குடிக்கிற நேரமெல்லாம் அதுதான்.

தியேட்டரில் பாதி நாற்காலி காலி. வெள்ளித்தாள் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டரில் செய்திருந்தார்கள். புதிதாக ஒரு ஹீரோ வந்தார். அவருக்கு மூன்று பாட்டு, நாலு சண்டை. பழைய ஆட்களில் இரண்டு பேர் தலை நரைத்துப் போய் ஓரமாக நின்றார்கள். இடைவேளைக்குச் சற்று முன்னால் கதாநாயகி, "உங்க மெக்கானிக் ஒருத்தர் மிதந்து போனாரே, என்ன ஆனார்?" என்றாள். ஹீரோ தோளைக் குலுக்கி, "அவனா? இந்நேரம் கருவாடு ஆயிருப்பான்" என்றார். ஜனம் சிரித்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு படத்தில் கிள்ளி என்ற பெயரே வரவில்லை.

ஒருவேளை கடைசியில் வருவானோ என்று பழமலைநாதன் பெயர்ப் பட்டியல் முழுவதும் ஓடி முடிகிற வரை உட்கார்ந்திருந்தார். பெருக்க வந்த பெண் எழுப்பினாள்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்துத் திட்டில் போய் உட்கார்ந்தார்.

"கருவாடாம். எம்புள்ள அதக் கேட்டுட்டுத்தான செத்துச்சி? இத எடுத்துகினுபோய் நான் பாப்பாகிட்ட என்னான்னு சொல்லுவேன்?"

அம்சவல்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அது கேக்கலங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கிள்ளிய பாப்பா கேக்கவே இல்ல. நீங்க அது கால புடிச்சிகினு சத்தம் போட்டு அழுதீங்க. புள்ள பயந்துபோயி முழிக்கிது. சும்மா வெளிய போங்கன்னா நீங்க போவ மாட்டீங்க. அதான் அப்படிச் சொன்னேன். பத்து நிமிசத்துல வந்துடுவீங்கன்னு நெனச்சேன்."

"ஒன்ற மணி நேரம் பூத்துல நின்னேன்."

"தெரியும்ங்க."

"அப்ப அது என்னாதான் கேட்டுச்சி?"

"தண்ணி கேட்டுச்சி. பஞ்ச நனச்சி ஒதட்டுல வெச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம், அப்பா எங்கன்னு கேட்டுச்சி."

பழமலைநாதன் எழுந்து வண்டியை எடுத்தார். அவளை ஏறச் சொல்லவில்லை. நேராகக் கம்பெனிக்குப் போய், யாரும் கூப்பிடாமலே சூளையருகே நின்று ராத்திரி வரை சரக்கு அடுக்கினார். அவள் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தாள்.

பன்னிரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தாள்.

பதின்மூன்றாம் நாள் காலை, தட்டின் முன் உட்கார்ந்தவர் சோற்றில் கை வைக்காமல் கேட்டார்.

"அப்பா எங்கன்னு கேட்டப்ப நீ என்னா சொன்ன?"

"போன் பேசப் போயிருக்காரு, இதோ வந்துடுவாருன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"சரின்னுச்சி."

பழமலைநாதன் தலையாட்டினார். இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது இறங்கவில்லை. எச்சில் கையோடு அப்படியே குனிந்து அழ ஆரம்பித்தார். அம்சவல்லி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கம்பெனிச் சங்கு ஊதியது. இருவரும் எழுந்திருக்கவில்லை.