கதவுக் கீல் படம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகங்களுக்கு அச்சு வடிவமைக்கும் அந்தக் கம்பெனியில் எல்லாரும் சனிக்கிழமையை எப்படா தள்ளுவோம் என்று இருப்பார்கள். பானுப்பிரியா மட்டும் சனிக்கிழமை எப்போது வரும் என்று தவம் கிடப்பாள். அன்றைக்குத்தான் அவள் அசோக்குக்குப் போன் பண்ணலாம்.

கட்டின புருஷனுக்குப் போன் பண்ணக் கிழமை பார்க்கிற கூத்து உண்டா என்று கேட்காதீர்கள், உண்டு. கல்யாணமான முதல் ஆடிக்குக் கடலூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனவள், போனிலேயே அவனோடு ஒரு சண்டை போட்டாள். "வரணும்னா நீயே வா" என்றான் அவன். "நீங்க வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்" என்றாள் இவள். ஆடி போய் ஆவணி வந்தது, தையும் போயிற்று. சேக்காட்டில் தன் வீட்டில் அவன், கள்ளிக்குப்பத்தில் வாடகை அறையில் இவள். வேலை என்னவோ ஒரே கம்பெனியில்தான். அவன் ஆவடி கிளையில் படம் வரைகிறான், இவள் இங்கே சர்வரைப் பார்த்துக்கொள்கிறாள். வீம்பில் இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை.

சர்வர் என்றால் மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு பழைய லினக்ஸ் பெட்டி. அதற்குள் சாம்பா என்றொரு நிரல் ஓயாமல் ஓடும். இரண்டு கிளைகளின் படங்களும் அதன் வழியாகத்தான் எல்லாருடைய கணினிக்கும் போய்ச் சேரும். யார் உள்ளே வந்திருக்கிறார், எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார் என்று ஒரு கட்டளை போட்டால் பட்டியல் வந்துவிடும். பானு காலையில் வந்ததும் அதைத்தான் போடுவாள். அசோக்கின் பெயரைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் காபி இறங்கும். சாயங்காலம் அந்தப் பெயர் மறைந்ததும் அவளும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

சனிக்கிழமைகளில் சாம்பாவின் அமைப்பில், அதாவது செட்டிங்கில், ஏதாவது மாற்றுவாள். சாம்பாவை நிறுத்தி மறுபடி ஓட்டினால் திறந்திருக்கும் ஃபைல் கெட்டுப்போகலாம். அதனால் முதலில் ஃபைலைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கெல்லாம் போன் போட்டு மூடச் சொல்வது அங்கே வழக்கம். உண்மையில் நிறுத்தவே வேண்டாம். ஓடுகிற நிரலையே அமைப்பைத் திரும்பப் படிக்க வைக்க ஒரு கட்டளை இருக்கிறது. ஒருவருக்கும் தெரியாமல் வேலை முடிந்துவிடும். பானுவுக்கு அது தெரியாதா என்ன? தெரிந்தேதான் கூப்பிட்டாள்.

"இன்னா பானு, மூடணுமா?"

"ஆமாங்க."

"இரு, மூடறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அதை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க ஓட்டுவாள்.

ஒன்றுதான் அவளுக்கு எரிச்சல். எப்போது பார்த்தாலும் அவன் பெயருக்கு நேரே அதே ஃபைல், கார்க் கதவுக் கீல் படம். ஆர்டரே ரத்தாகிப்போன படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த மனுஷன் என்ன கிழிக்கிறான்?

இந்தச் சனிக்கிழமைதான் கடைசி. படங்களெல்லாம் வெளியே ஒரு வாடகை சர்வருக்குப் போய்விட்டன. பழைய பெட்டியை இன்றே அணைத்துவிடச் சொல்லிவிட்டார் மேனேஜர் லோகநாதன். இனி யாரையும் எதையும் மூடச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடித்தாள். பட்டியலில் அசோக் மட்டும் மிச்சம். அவனுக்கும் போட்டாள்.

"இன்னா பானு, மூடணுமா?"

"ஆமாங்க. இன்னிக்கோட சர்வரை நிறுத்துறோம். இனிமே கூப்பிட மாட்டேன்."

அவன் சொன்னான்: "நிறுத்தாமயே மாத்தலாம்னு எனக்குத் தெரியும் பானு. கண்ணாலத்துக்கு மின்னாடி நீதானே சொல்லிக் குடுத்தே."

அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. "தெரிஞ்சுமா வாராவாரம் மூடினீங்க?"

"தெறந்து வெச்சாத்தானே நீ போன் பண்ணுவே? இல்லாங்காட்டி அந்தக் கீலு படம் எனக்கு இன்னாத்துக்கு?"

அழுகையை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அளுவாதே. அங்கியே இரு, வந்து இட்டுகினு போறேன்" என்றான். போன் கட்டாயிற்று.

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் அப்படியென்ன தூரம்? ஆனால் ஆடியிலிருந்து அவன் கடக்காத தூரம் அது. சொன்னபடி வருவானா? கட்டளையைப் போட்டாள். அசோக், கதவுக் கீல் படம். மறுபடி போட்டாள். அதே வரி. மூன்றாம் முறை போட்டபோது பட்டியல் காலியாக இருந்தது.

"என்னம்மா, அணைச்சாச்சா?" என்று எட்டிப் பார்த்தார் லோகநாதன்.

"இதோ சார், எல்லாரும் போயிட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள் பானு.